மலையில் நாம் செய்வது எங்கே போய்ச் சேர்கிறது? நீலகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மனிதச் செயல்பாடுகளும் சுற்றுச்சூழலும் என்ற பாடத்தை எடுத்தால் போதும், எந்த வருடமானாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. எல்லாமே நல்ல சந்தேகங்கள், இரண்டு மதிப்பெண் பதிலில் அடங்காதவை. அதனால் பிள்ளைகள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

சுற்றுச்சூழல்னா காடுதானே?

காடு அதில் ஒரு பகுதிதான். நீங்கள் மூச்சு விடும் காற்று, குழாயில் வரும் தண்ணீர், தோட்டத்து மண், அந்த மண்ணுக்குள் இருக்கும் புழு, வீட்டுக் கூரையில் உட்காரும் காகம், உங்கள் தெருச் சாக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் சுற்றுச்சூழல். முதுமலைக்குப் போனால்தான் பார்க்க முடியும் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் படியில் இறங்கியதுமே அது தொடங்கிவிடுகிறது.

யானையும்தான் மரத்தை முறிக்குது, அதை யாரும் கெடுதல்னு சொல்றதில்லையே. மனுஷன் செஞ்சா மட்டும் ஏன்?

எல்லா உயிரும் தான் வாழும் இடத்தை மாற்றுகிறது, அது உண்மைதான். யானை ஒரு கிளையை முறித்துப் போட்டால், எட்டாத உயரத்தில் இருந்த தழை மானுக்குக் கிடைக்கிறது. யானை தின்ற பழத்தின் விதை சாணத்தோடு வேறு இடத்தில் விழுந்து முளைக்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் அந்த இடத்தில் யானை நின்ற சுவடே இருக்காது.

மனிதர்கள் செய்வதில் வேகமும் அளவும் வேறு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்தார். அதற்கு முன்பே தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாம் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள், எருமை மேய்த்திருக்கிறார்கள், ராகியும் சாமையும் விதைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிந்தைய இருநூறு ஆண்டுகளில் நடந்த மாற்றம், அதற்கு முந்தைய பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்ததைவிடப் பெரியது. இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் மாதிரி ஏறக்குறைய எந்த உயிரும் தின்று செரிக்க முடியாத பொருளைப் புதிதாக உண்டாக்குவது நாம் மட்டும்தான்.

நீலகிரி எப்பவுமே இப்படித்தானே இருந்திருக்கும், டீத் தோட்டம், பைன் காடு, கற்பூர மரம்னு?

இந்த மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை. தேயிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. கற்பூர மரமும் (சமவெளியில் இதைத்தான் தைல மரம் என்கிறார்கள்) சீகை மரமும் (ஆங்கிலத்தில் வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து அதே நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டவை. விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்ததால், சீக்கிரம் வளரும் மரம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட உதவியது. பிறகு ரேயான் நூல் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டபோது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மலை மலையாக நட்டார்கள். பழனி மலையில் கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான்.

அதற்கு முன்னால், மலையின் உயரமான பகுதிகளில் திறந்த சரிவெல்லாம் புல்வெளி, காற்றுக்கு ஒதுங்கிய மடிப்புகளில் மட்டும் குட்டையான அடர்ந்த சோலை. அவலாஞ்சி, முக்குருத்தி பக்கம் இன்னும் இப்படிக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 'காட்டை அழித்ததால்தான் புல்வெளி உண்டாயிற்று' என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. இங்குள்ள சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் மைதானத்துப் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோலை மரங்களின் கன்று திறந்த வெளியில் முளைத்தால் அந்த உறைபனியில் கருகிப் போகும், புல் தாங்கிக்கொள்ளும். புல்வெளி புல்வெளியாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரம் நடுறது நல்லதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் சீகை மரத்தை வெட்டுறாங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மரம் நடுவது நல்லதா என்று கேட்டால் என்ன மரம், எந்த இடத்தில், அங்கே இதற்கு முன் என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். சென்னையில் வெயில் கொளுத்தும் தெருவில் ஒரு வேம்பு நட்டால் நல்லது. முக்குருத்திப் புல்வெளியில் சீகை நட்டால், அங்கே ஏற்கெனவே நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறோம்.

எடுத்துவிட்டது என்ன என்று பாருங்கள். புல்லின் வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணைப் பிடித்திருக்கும், மழை விழுந்தால் மேலே வழிந்து ஓடாமல் உள்ளே இறங்கும். அந்தத் தண்ணீர் மெதுவாகக் கசிந்து மடிப்புகளில் இருக்கும் சோலைக்கும் சதுப்புக்கும் வரும், அங்கிருந்து ஓடையாகும். மழை நின்று இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் பிப்ரவரியில் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். கற்பூர மரம் சீக்கிரம் வளரும், சீக்கிரம் வளர நிறையத் தண்ணீர் குடிக்கும். ஊட்டியில் இருக்கும் மத்திய மண்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கன் பகுதியில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். ஒரு நீர்ப்பிடிப்பில் புல்வெளியை அப்படியே விட்டார்கள், பக்கத்து நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்ட பக்கத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர் முதல் பத்தாண்டுச் சுற்றில் சுமார் 16 சதவீதமும், மரத்தை வெட்டி மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே அணைகளும் வயல்களும் இருக்கின்றன.

புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் போகிறது, தோடர்களின் எருமைக்கும் போகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இடம் போகிறது. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இந்தச் செடிகளுக்குத் திறந்த வெளியின் வெயில் வேண்டும், சீகையின் நிழலில் வராது.

அப்போ எல்லா சீகையையும் ஒரே நாள்ல வெட்டிட்டா சரியாயிடுமா?

ஆகாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் தரையில் பட்டாலோ, தீப்பிடித்தாலோ எல்லாம் ஒன்றாக முளைத்து வந்து ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்று நிற்கும். வெட்டிய அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று திரும்பத் திரும்பப் போய்க் கன்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டுப் பராமரித்தால்தான் புல்வெளி திரும்பும். செங்குத்தான சரிவில் ஒரே வீச்சில் வெட்டினால் மண் அரித்துக்கொண்டு போகும். சில இடங்களில் வயதான சீகை மரத்தின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வளர ஆரம்பித்திருக்கின்றன, அங்கே வெட்டாமல் விடுவதே மேல் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுபோக, சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் இங்கே நிறைய. இடத்துக்கு இடம் பதில் மாறும்.

டீத் தோட்டமும் பச்சையாத்தானே இருக்கு, அதுவும் காடு மாதிரிதானே?

பச்சை நிறம் என்பது வேறு, காடு என்பது வேறு. ஒரு சோலைக்குள் பத்தடி நடந்தால் எத்தனையோ வகை மரம், பாசி, பெரணி, ஆர்க்கிட் பார்க்கலாம். டீத் தோட்டத்தில் பத்து ஏக்கர் நடந்தாலும் ஒரே செடி, நடுவில் நிழலுக்கு சில்வர் ஓக், அதுவும் ஆஸ்திரேலிய மரம்தான். ஆனால் தேயிலைக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது தரையை வருடம் முழுக்க மூடியிருக்கும், மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். அடுத்த கேள்வியில் வருகிற காய்கறித் தோட்டத்தோடு ஒப்பிட்டால் மண்ணுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

கேரட் போடுறதுல என்ன சார் கெடுதல்? சாப்பாடுதானே?

கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீட்ரூட் எல்லாம் மண்ணுக்குள் விளைபவை. விதைக்கும்போது ஒருமுறை மண்ணைக் கிளற வேண்டும், அறுவடையில் இன்னொருமுறை. வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுத்தால் சரிவான நிலம் பல வாரங்கள் மூடாக்கு இல்லாமல் திறந்தே கிடக்கிறது, அந்த நேரத்தில் பெருமழை வந்தால் மேல்மண் போய்விடும். சிலர் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடுகிறார்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால். அவர்கள் பக்கம் அது நியாயமான கவலை. ஆனால் அந்தப் பாத்தியே தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே மட்டமாகப் பாத்தி போட்டு, ஓரத்தில் புல் வரப்பு விட்டு, தண்ணீர் வடிய தனியாக ஒரு வழி செய்தால் இரண்டும் தீரும், வேலை கொஞ்சம் கூடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல மழை பெய்த மறுநாள் இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரோடு போய் ஒன்றில் சோலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீர், இன்னொன்றில் காய்கறித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் கால்வாய்த் தண்ணீர் பிடியுங்கள், ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் முதல் பாட்டிலின் அடியில் நாலைந்து இலைத் துணுக்கும் கொஞ்சம் மணலும் இருக்கும். இரண்டாவதில் அடியில் செம்மண் ஒரு படலமாகப் படிந்திருக்கும், அதற்கு மேலே நிற்கும் தண்ணீர் அப்போதும் டீ நிறத்தில் கலங்கியே இருக்கும், ஏனென்றால் மிக நுண்ணிய களிமண் துகள் ஒரு ராத்திரியில் அடியில் இறங்காது. ஒரு பாட்டிலில் இவ்வளவு என்றால் ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த மண் நம் ஓடையோடு நிற்பதில்லை. குந்தா பக்கத்துத் தண்ணீர் பவானி ஆற்றில் போகிறது, பைக்காராவின் தண்ணீர் மாயாறாகிப் போகிறது, இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. தோட்டத்தில் போட்ட உரமும் பூச்சிமருந்தும் அதே வழியில்தான் போகும்.

கேரட் விவசாயம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேத்தி பாலாடாவில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. எப்படிப் பயிரிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மண்சரிவு இயற்கைதானே, அதுக்கு மனுஷன் என்ன பண்ணுவான்?

பாதி சரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப் பெய்தால் யாரும் கை வைக்காத சரிவும் இறங்கும், காட்டுக்குள்ளேயே பல இடங்களில் இறங்கியது. நீலகிரியின் மண் ஆழமானது, தண்ணீர் ஊற ஊறக் கனம் கூடும், மண்துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் ஏறி பிடிப்பு விட்டுப் போகும்.

மீதிப் பாதி நம்முடையது. வீடு கட்ட, ரோடு போட பொக்லைன் வைத்துச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுகிறோம், அதாவது மேலே நிற்கும் மண்ணுக்குத் தாங்கல் எதுவோ அதையே எடுத்துவிடுகிறோம். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளுகிறோம், ஓடை வேறு வழி தேடும். தடுப்புச்சுவர் கட்டும்போது தண்ணீர் வெளியேற ஓட்டை விடாவிட்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் கட்டிக்கொண்டு சுவரையே தள்ளிவிடும். உங்கள் ஊர்த் தடுப்புச்சுவர்களில் குழாய் செருகிய ஓட்டைகள் இருக்கின்றனவா, அவை அடைத்திருக்கின்றனவா என்று அடுத்தமுறை நடக்கும்போது பாருங்கள். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பகுதிகளில் நடந்த சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் அந்த வாரத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

ஊட்டி ஏரித் தண்ணீர் ஏன் அப்படிப் பச்சையா, நாத்தமா இருக்கு?

ஏரியே மனிதன் செய்ததுதான், 1820-களில் சல்லிவன் காலத்தில் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. அப்போது நல்ல தண்ணீர். ஊர் பெருகப் பெருக வீடுகளின், விடுதிகளின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்கு வர ஆரம்பித்தது.

கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய. அவை செடிக்கு உரம். ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் அந்த உரத்தில் கொழுத்து வளர்ந்து மேலே மூடிக்கொள்ளும், வெளிச்சம் கீழே போகாது. அவை செத்து அடியில் விழுந்ததும் பாக்டீரியாக்கள் அழுகவைக்கின்றன, அந்த வேலைக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்தால் மீன் சாகும், ஆக்சிஜன் இல்லாமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம். கழிவுநீரைச் சுத்திகரித்து விடுவதுதான் வழி. மேலே மிதக்கும் செடியை மட்டும் அள்ளிக்கொண்டே இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும்.

பிளாஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்களே, அப்புறமும் எங்கேர்ந்து வருது?

தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2000-த்தையொட்டி, தடையைத் தொடங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாக ரோட்டோரம் குடிநீர் ஏடிஎம் வைத்ததும் அதன் தொடர்ச்சிதான். இதனால் நிஜமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் தடைப் பட்டியலில் எல்லாப் பிளாஸ்டிக்கும் இல்லை. பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாம் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, கீழேயிருந்து வரும் வண்டிகளிலும் வருகின்றன.

காட்டோரக் குப்பை மேட்டுக்கு யானை வருவது உப்புக்கும் மிச்சச் சாப்பாட்டுக்கும். அது உறையைப் பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். சாலையோரக் காட்டில் காய்ந்த யானைச் சாணத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால், நார்நாராக மூங்கிலும் புல்லும் இருக்கும் இடத்தில் நடுவே கசங்கிய பால் கவர் அப்படியே, எழுத்துகூட அழியாமல் இருப்பதைப் பார்க்கலாம். வெளியே வராமல் குடலில் தங்கிவிடுவதும் உண்டு.

எரிச்சிட்டா பிளாஸ்டிக் போயிடும்ல?

தரையிலிருந்து போகும், காற்றுக்கு வரும். சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. நம் மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளிர்காலக் காலையில் கனமான குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடும், அதனால் அந்நேரம் மூட்டிய தீயின் புகை மேலே போகாமல் வீடுகளின் உயரத்திலேயே கோடு போட்டதுபோல் நிற்கும். அதைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறோம்.

காட்டெருமையும் கரடியும் ஏன் ஊருக்குள்ள வருது? காட்டுல இடம் இல்லையா?

ஒரே காரணம் இல்லை. நான்காவது கேள்வியில் சொன்ன மாதிரி புல்வெளி சுருங்கினால் காட்டெருமைக்கு மேய்ச்சல் குறையும், டீத் தோட்டத்துக் களைப்புல் கண்ணில் படும். முதுமலைப் பக்கத் தாழ்வான காடுகளில் உண்ணிச்செடி புதராக மூடிப் புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. அதுவும் அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடிதான். (கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்த உண்ணிக்குச்சியை வைத்தே நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள், பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.) கரடிக்கு வீட்டு வாசலில் வைத்த மிச்சச் சோறும், கோயிலில் விளக்குக்கு வைத்த எண்ணெயும் கிடைத்துவிட்டால் வழி பழகிவிடும்.

யானைக்கு விஷயம் வேறு. அது ஒரே இடத்தில் இருக்கும் விலங்கே இல்லை, பருவத்துக்குப் பருவம் தண்ணீரும் தழையும் தேடி நடந்துகொண்டே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குப் பக்கக் காடுகளுக்கும் நடுவே சீகூர் வழியாகத்தான் அந்தப் பாதை. அங்கே விடுதிகளும் மின்வேலிகளும் வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2020 அக்டோபரில் யானை வழித்தடத்தைக் காப்பாற்றும் தீர்ப்பு வந்தது. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் ரோட்டில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை இருப்பதும் விலங்குகள் ரோட்டைக் கடக்கத்தான். யானை நம் ஊருக்குள் வருகிறது என்று சொல்லும் பல இடங்களில், யானையின் ரோட்டில் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

மாட்டுக்குப் போட்ட ஊசியால கழுகு செத்துச்சுன்னு சொன்னாங்க, நிஜமா?

நிஜம். பாறு என்று நம் ஊரில் சொல்கிற பிணந்தின்னிக் கழுகுதான் அது. மாட்டுக்கு வலியும் காய்ச்சலும் குறைய டைக்ளோஃபெனாக் என்ற மருந்து போட்டார்கள். மாட்டுக்கு அது கெடுதல் இல்லை. ஆனால் மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்துப்போய், அதைப் பாறுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்துவிடும். ஒரு மாட்டைச் சுற்றி கூட்டமாக வந்து தின்பதுதான் பாறுகளின் வழக்கம், அதனால் ஒரே ஒரு மாடு ஒரு கூட்டத்தையே கொன்றுவிடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு 2006-இல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள், மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்தும் கிடைத்தது.

தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டும், வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதனால்தான் தடை வந்து இத்தனை வருடமாகியும் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது. மாட்டுக்கு மருந்து போட்டவர் யாரும் பாறுகளைக் கொல்ல நினைக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள், இந்தப் பாடத்தில் வரும் பெரும்பாலான பாதிப்புகள் அப்படித்தான்.

கொடைக்கானல்ல பாதரசம் கொட்டினாங்களாமே, அது இன்னும் இருக்கா?

அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே போனது தெரிந்து, எதிர்ப்பு எழுந்து, 2001-இல் மூடப்பட்டது. கழிவில் ஒரு பகுதி 2003-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது, ஆனால் மண்ணில் சேர்ந்ததைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது. பாதரசம் ஒரு தனிமம், அது அழுகாது, வேறொன்றாகச் சிதையாது. தண்ணீரில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும், சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்னும் பெரிய மீனில் அதிகம் என்று உணவுச்சங்கிலியில் ஏறிக்கொண்டே போகும்.

அணையில எடுக்கிற கரண்ட் சுத்தமானதுதானே? புகையே வராதே.

நிலக்கரியோடு ஒப்பிட்டால் கண்டிப்பாகச் சுத்தம். பைக்காராவில் 1932-லிருந்து நீர்மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தா திட்டம் கனடா நாட்டின் உதவியோடு பிறகு வந்தது. ஆனால் எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, போர்த்திமந்து என்று நாம் சுற்றிப் பார்க்கப் போகும் ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் அடியிலும் ஒரு பள்ளத்தாக்கு மூழ்கிக் கிடக்கிறது, புல்வெளியும் சதுப்பும் சோலையும் அதில் இருந்தன. எந்த மின்சாரத்துக்கும் ஏதோ ஒரு விலை உண்டு. மேலே கேரட் கேள்வியில் பார்த்த மண் இந்த அணைகளில் படிந்தால் தண்ணீர் பிடிக்கும் அளவும் குறையும்.

ஓசோன் ஓட்டை வழியா வெயில் உள்ள வர்றதாலதான் பூமி சூடாகுது, சரிதானே?

இந்தப் பதிலைப் பெரியவர்களும் சொல்கிறார்கள், ஆனால் தவறு. இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. ஓசோன் படலம் வானத்தில் உயரத்தில் இருந்துகொண்டு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. பழைய ஃபிரிட்ஜ்களிலும் ஸ்பிரேக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோ கார்பன் அதைச் சிதைத்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுக்களை நாடுகள் கைவிட்டன, ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டுவருகிறது.

பூமி சூடாவது வேறு வழியில். வெயில் பட்டுச் சூடான தரை அந்த வெப்பத்தைத் திரும்ப வெளியே விடும். கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ராத்திரி போர்த்தும் கம்பளி உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைப்பது போலத்தான், கம்பளி கனமானால் உள்ளே சூடு கூடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரித்ததுதான் முக்கியக் காரணம்.

ஊட்டியில இவ்வளவு குளிருதே, அப்புறம் எப்படிப் பூமி சூடாகுதுன்னு நம்புறது?

இன்று காலை குளிர்ந்தது என்பது வானிலை. முப்பது வருடத்துக் காலைகளின் சராசரி எப்படி நகர்கிறது என்பது காலநிலை. உலகச் சராசரி வெப்பநிலை நூற்றைம்பது வருடங்களில் 1 டிகிரி செல்சியஸுக்கும் மேல் ஏறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். சூடான காற்று அதிக நீராவியைப் பிடித்துவைக்கும், அதனால் மழை பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது, மண்சரிவு பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள். இன்னொன்று, வெப்பம் கூடினால் கீழே வாழும் உயிர்கள் கொஞ்சம் மேலே ஏறிப் பிழைக்கலாம். மலை உச்சியில் வாழும் வரையாடு எங்கே ஏறும்?

டூரிஸ்ட் வந்தாத்தானே எங்க அப்பாவுக்கு வேலை? யாரும் வரக்கூடாதுன்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லமாட்டேன். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வர்க்கி விற்கிறவர்கள், காட்டேஜில் வேலை பார்க்கிறவர்கள் என்று வகுப்பில் பாதிப் பேரின் வீடு அதில்தான் ஓடுகிறது. ஒரு இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதுதான் கேள்வி. தண்ணீர், குப்பை, கழிவுநீர், ரோடு எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். இதனால் வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வருகிறவர்கள் பார்க்க வருவதே இந்த மலையைத்தான். தண்ணீர் லாரி ஓடாத, டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் நிற்காத ஊட்டி உங்கள் அப்பாவின் வேலைக்கும் நல்லது என்றே நினைக்கிறேன்.

பரீட்சையில் 'மனிதச் செயல்பாடுகளின் விளைவுகள்'னு வந்தா எப்படி எழுதணும்?

'காடழிப்பு, மாசு, புவி வெப்பமடைதல்' என்று மூன்று வார்த்தை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு செயலை எடுங்கள், அது எதை மாற்றியது, அந்த மாற்றம் அடுத்து எதைத் தொட்டது என்று சங்கிலியாக எழுதுங்கள், குறைந்தது மூன்று கண்ணி. பாறு பதிலில் மருந்து, மாடு, கழுகு என்று இருக்கிறது, ஊட்டி ஏரி பதிலில் கழிவுநீர், பாசி, ஆக்சிஜன், மீன் என்று இருக்கிறது. உங்கள் ஊர் உதாரணம் புத்தகத்தில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், காரணமும் விளைவும் சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் கடைசியில் எப்படிச் சரிசெய்யலாம் என்று இரண்டு வரி சேருங்கள், அதிலும் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று எழுதாமல் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: மட்டப் பாத்தி, புல் வரப்பு, மெலாக்சிகாம், சுவரில் வடிகால் ஓட்டை.